சுவருக்குள் தங்கும் மழை

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்துவிட வேண்டும் என்பது தமிழ்நாட்டில் எழுதாச் சட்டம். ஐப்பசி, கார்த்திகை மழையைச் சுவர்கள் குடித்து முடித்திருக்கும் நேரம் அது. சுண்ணாம்பு அடித்த காலத்தில் இதனால் பெரிய கெடுதல் வரவில்லை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே பூட்டிவைக்காது; தையிலும் மாசியிலும் சுவர் தன் போக்கில் காய்ந்துகொள்ளும். இன்று அதே மார்கழியில், அதே ஈரச் சுவரில் இரண்டு கோட் பட்டி பார்த்து, அதன்மேல் எமல்ஷன் அடிக்கிறோம். பங்குனிக்குள் கொப்புளம் எழும்புகிறது. சித்திரையில் செதில் செதிலாக உதிர்கிறது. பெயின்ட் சரியில்லை என்று முடிவுகட்டி, அடுத்த பொங்கலுக்கு இன்னும் விலை கூடிய பெயின்ட் வாங்குகிறோம்.

வீட்டில் நீர் செய்யும் சேதத்தை எங்கிருந்து ஆராயத் தொடங்கினாலும் இந்தப் பழக்கத்தில்தான் வந்து முட்டிக்கொள்கிறோம். கறை தெரிகிற இடத்தில் செலவு செய்கிறோம். நீர் நுழைகிற இடத்தைத் தேடுவதில்லை. காய்வதற்கு நாள் கொடுப்பதும் இல்லை. ஒழுகும் வீட்டில் பெயின்டுக்குப் போகும் பணத்தில் பாதியை மாடியின் வாட்டத்துக்கும் குழாய் வாய்க்கும் செலவழித்திருந்தால் பல சுவர்கள் இன்று நன்றாக இருந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

நம் தட்பவெப்பம் இந்தச் சிக்கலைக் கூட்டுகிறது. தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழைச் சராசரி ஏறத்தாழ 44 செ.மீ.; அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்றே மாதத்தில் கொட்டித் தீர்ப்பது. சென்னையின் ஆண்டு மழை சுமார் 140 செ.மீ. அதிலும் பாதிக்கு மேல் இதே மூன்று மாதத்தில்தான். மழை விட்ட நாட்களிலும் கடற்காற்று ஈரமாகவே இருக்கும். ஜன்னலைத் திறந்துவைத்தால் வீடு காயும் என்று நம்புகிறோம். கார்த்திகையில் திறந்த ஜன்னல் வழியாக உள்ளே வருவதும் ஈரக்காற்றுதான். ஆகவே ஒழுகலைக் கண்டுபிடிப்பதற்கு உரியது மழைக்காலம். சரிசெய்வதற்கு உரியது மாசி முதல் ஆனி வரையான வெயில். மழை கொட்டும்போது கொத்தனாரைத் தேடி ஓடுகிறோம், வெயில் வந்ததும் மறந்துவிடுகிறோம். கறையைப் போட்டோ எடுத்துத் தேதியோடு வைத்திருந்தால் வெயிலில் வேலை தொடங்கும்போது எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும்.

மொட்டை மாடி

ஆயிரம் சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ 9,300 லிட்டர். அத்தனையும் சில குழாய் வாய்கள் வழியாக இறங்கியாக வேண்டும். இறங்காமல் நிற்கும் ஒவ்வொரு லிட்டரும் கீழே வர வழி தேடிக்கொண்டிருக்கும்.

பழைய கட்டைக்குத்து மச்சு வீடுகளில் இந்தப் பிரச்சினையைக் கையாண்ட விதம் மரியாதைக்குரியது. மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர்கள் சொல்லும் கூரை அது. தேக்கு உத்தரங்கள்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில், மூலைக்கு மூலை சாய்வாக அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை அடிக்க அடிக்கத் தெளிப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. சுண்ணாம்புக்கு ஒரு குணம் உண்டு: மயிரிழை விரிசல் விழுந்தால், ஊறிவரும் நீரில் கொஞ்சம் கரைந்து அந்த விரிசலிலேயே மறுபடி படிந்து அதை அடைத்துக்கொள்ளும். நன்றாகப் பராமரித்த இத்தகைய கூரைகள் நூறு வருடம் தாண்டி நிற்பதற்கு இது ஒரு காரணம்.

ஆர்.சி. தளம் வந்த பிறகு, காங்கிரீட் என்றாலே தண்ணீர் புகாது என்ற நம்பிக்கை வந்துவிட்டது. உண்மையில் காங்கிரீட்டில் நுண்துளைகள் உண்டு. சித்திரை வெயிலில் தளம் விரியும், இரவில் சுருங்கும். அந்த இழுபறியில் விரிசல் விழும். அதனால்தான் தளத்தின்மேல் வெதரிங் கோர்ஸ் போடுகிறார்கள். சுண்ணாம்பு கலந்து அடித்து இறுக்கும் உழைப்புக்கு இப்போது ஆளும் இல்லை, பொறுமையும் இல்லை. சிமென்ட்டில் ஜல்லியைக் குழைத்து ஒரே நாளில் மூடிவிடுகிறார்கள். மேலே வெள்ளை ஓடு பதித்தால் வீடு குளிர்ச்சியாக இருப்பது உண்மைதான். ஆனால் ஓட்டின் இணைப்புகளில் இருக்கும் சாந்து விரிந்துவிட்டால், உள்ளே போன நீர் ஓட்டுக்கும் தளத்துக்கும் நடுவில் மாதக்கணக்கில் தங்கிவிடும். மழை நின்று பத்து நாள் கழித்தும் கீழே சொட்டுவதற்குப் பல வீடுகளில் இதுவே காரணம்.

மாடியை ஆராய விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். மழை விட்ட ஒரு மணி நேரத்தில் மேலே போய்ப் பார்க்க வேண்டும். நீர் தேங்கிநிற்கும் இடத்தின் விளிம்பைச் சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டு வைத்தால் வாட்டம் எங்கே தவறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். நூறு அடிக்கு ஓர் அடியாவது சரிவு இருக்க வேண்டும். குழாய் வாயை நோக்கி இருக்க வேண்டும். அடுத்து, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை. ஒழுகல் தொடங்குவதில் பெரும்பங்கு இந்த மூலைக்குத்தான். பிறகு, தளத்தைத் துளைத்துப் போகும் குழாய்கள், டிஷ் ஆன்டெனாவுக்கும் சோலார் தகட்டுக்கும் அடித்த போல்ட்டுகள், நிரம்பி வழிந்து ஒரே இடத்தில் கொட்டும் டேங்கின் அடிப்பக்கம். நடுத்தளத்தில் விரிசல் தேடி அலைவதற்கு முன் இவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. புறா இறகும் காய்ந்த இலையும் குழாய் வாயை அடைத்துக்கொண்டு, நல்ல மாடியே குளமாகிவிடுவதும் உண்டு. புரட்டாசியில் ஒருமுறை, ஐப்பசியில் வாரம் ஒருமுறை அதைச் சுத்தம் செய்ய ஐந்து நிமிடம் போதும்.

அரசங்கன்றும் ஆலங்கன்றும் தனியாகப் பேச வேண்டியவை. பறவை எச்சத்தில் வந்து சன்ஷேட் இடுக்கில் முளைக்கும் கன்றைக் கிள்ளி எறிந்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். வேர் உள்ளே உயிரோடு இருக்கிறது. மறுமழையில் இரண்டாகத் தளிர்க்கிறது. வேர் தடிக்கத் தடிக்கச் செங்கல் வரிசையே பிளக்கும். சாந்தைக் கொத்தி, வேரை முழுதாக எடுத்து, இடுக்கைச் சரியாக அடைத்தால்தான் தீரும். கன்று விரல் நீளம் இருக்கும்போது இது அரை நாள் வேலை. மூன்று வருடம் விட்டால் சுவரை இடித்துக் கட்ட வேண்டிவரும்.

பழைய தளத்தின்மேலேயே இன்னொரு தளம் போட்டுவிடலாம் என்று மேஸ்திரி சொன்னால் உடனே தலையாட்டக் கூடாது. முதல் காரணம், கீழ் அடுக்கில் சிறைப்பட்ட ஈரம். வெயிலில் அது ஆவியாகி மேலே தள்ளும். புதுப் பூச்சு உப்பிக் கிளம்பும். இரண்டாவது காரணம் எடை. ஆயிரம் சதுர அடியில் மூன்று அங்குலம் கூடுதலாகப் போட்டால் பத்து டன்னுக்கு மேல் பாரம் ஏறும். முப்பது வருடத்துக்கு முன் போட்ட கம்பி அதற்குக் கணக்குப் பண்ணிப் போட்டதல்ல. கெட்டுப்போன வெதரிங் கோர்ஸைப் பெயர்த்தெடுத்து, தளத்தை வெயிலில் காயவிட்டு, விரிசல்களை அடைத்து, வாட்டத்தோடு புதிதாகப் போடுவதுதான் சரியான வேலை. ரப்பர் போல் இழுபடும் பூச்சுகள் கடையில் நிறையக் கிடைக்கின்றன; காய்ந்த தளத்தில், சொன்ன அளவில் அடித்தால் சில வருடம் நன்றாக உழைக்கும். ஆனால் வாட்டமில்லாத மாடியை எந்தப் பூச்சும் காப்பாற்றாது. நீர் மேலிருந்து வரும்போது கீழே சீலிங்கில் வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடிப்பது அதைவிட வீண். நீரின் அழுத்தம் அந்தப் பூச்சைத் தளத்திலிருந்து பிரித்துத் தள்ளிவிடும். உள்ளே தேங்கிய நீர் கம்பியைத் தின்னவும் தொடங்கும்.

கழிவறைக்குக் கீழே ஒரு வீடு

அடுக்குமாடிகளில் கசிவு என்பது கட்டடப் பிரச்சினை மட்டுமல்ல, உறவுப் பிரச்சினையும்கூட. “உங்க பாத்ரூம் எங்க வீட்டுக்குள்ள ஒழுகுதுங்க” என்று கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்து சொல்லும்போது மேல்வீட்டுக்காரர் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. அவர் வீடு காய்ந்துதான் இருக்கிறது. சேதம் ஒருவருக்கு, காரணம் இன்னொருவரிடம், செய்ய வேண்டிய வேலையும் அந்த இன்னொருவர் வீட்டில். வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்கள் எத்தனையோ.

குழாய்களை மறைப்பதற்காகப் பாத்ரூம் தளத்தைத் தாழ்த்திப் போட்டு, அந்தப் பள்ளத்தைச் செங்கல் உடைசலால் நிரப்பி, மேலே டைல்ஸ் பதிக்கிறார்கள். டைல்ஸ் இடுக்கு வழியாகவோ, தரையில் நீர் இறங்கும் நானி ட்ராப்பைச் சுற்றியுள்ள இணைப்பு வழியாகவோ உள்ளே போகும் நீர் அந்த உடைசலில் ஊறிக் கிடக்கும். பள்ளம் நிரம்பிய பிறகுதான் கீழ்வீட்டில் முதல் கறை தெரியும். அதாவது, இன்று தெரியும் கறைக்கான கசிவு பல மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கலாம். டைல்ஸ் இடுக்கில் வெள்ளை சிமென்ட் பூசியதும் கசிவு நிற்கவில்லை என்று மனம் தளர்கிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய நீர் வடிந்து தீரவே வாரங்கள் ஆகும்.

நீர் கசியும் வழியைக் கண்டுபிடிக்க எளிய சோதனைகள் உண்டு. கறை மழை நாளில் மட்டும் வளர்கிறதா, வருடம் முழுவதும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. மழையில் மட்டும் என்றால் மாடி அல்லது வெளிச்சுவர். எப்போதும் ஈரம் என்றால், எந்நேரமும் அழுத்தத்தில் நீர் நிற்கும் குழாய். குளிக்கும் நேரத்தை ஒட்டி என்றால் கழிவுநீர் வழி அல்லது தரை. இரவு படுக்கும் முன் எல்லாக் குழாயையும் மூடி, மேல் டேங்கில் நீர்மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் பார்த்தால் குழாய்க் கசிவு இருக்கிறதா என்று தெரியும். டாய்லெட் டேங்கில் சொட்டு நீலம் கலந்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஃபிளஷ் பண்ணாமல் இருந்து, கோப்பையில் நீலம் இறங்குகிறதா என்று பார்க்கலாம். பாத்ரூம் தரையில் ட்ராப்பை அடைத்து, இரண்டு அங்குலத்துக்கு நீர் கட்டி ஒரு நாள் விட்டுவைப்பது இன்னும் உறுதியான சோதனை. நீலம் கலந்த நீராக இருந்தால் மேல்வீடு, கீழ்வீடு இரண்டுக்கும் ஒரே சாட்சி கிடைக்கும். சண்டையைக் குறைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. டைல்ஸை உடைக்கத் தொடங்கும் முன் இவற்றைச் செய்யாத பிளம்பரிடம் வேலையைக் கொடுக்கக் கூடாது.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 14(3), வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் தெரியவரும் கட்டமைப்பு, வேலைத்தரக் குறைகளைக் கட்டுநர் முப்பது நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்கிறது. இதை எழுத்தில் கேட்பவர்கள் குறைவு. அசோசியேஷனில் வாய்மொழியாகப் புலம்பியே நான்கு வருடம் ஓடிவிடுகிறது. ஐந்தாவது வருடம் முடிந்த பிறகு விழித்துக்கொள்கிறார்கள். புது வீட்டில் முதல் மழைக்கறை தெரிந்த நாளே தேதியிட்ட புகைப்படத்தோடு பதிவுத் தபாலில் அனுப்பிவிட வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் நிலைமைதான் வருத்தமானது. 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில் பெரிய பழுதுகள் வீட்டுக்காரர் பொறுப்பு, குழாய் வாஷர் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு என்று பிரித்திருக்கிறார்கள். ஆனால் ஓதம் அடிக்கும் அறையைப் பற்றி அழுத்திக் கேட்டால் “வேற வீடு பாத்துக்கங்க” என்ற பதில் வரும் என்ற பயத்தில், குழந்தையின் இருமலோடு அதே அறையில் படுத்துறங்கும் குடும்பங்கள் ஊர்தோறும் இருக்கின்றன. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சுக்குழல் தொந்தரவுகளும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியே சொல்கிறது. சுவரின் அழகைவிட மூச்சுதான் இங்கே பெரிய விஷயம்.

உப்பும் துருவும்

தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குச் சுவர் கறுத்து, வெள்ளையாக உப்புப் பூத்து, கை வைத்தால் பூச்சு மாவாக உதிர்ந்தால் அது கீழிருந்து ஏறும் ஓதம். செங்கல்லின் நுண்துளைகள் வழியே மண்ணின் ஈரம் மேலே ஏறுகிறது. வரும்போது மண்ணிலுள்ள உப்பையும் கரைத்துக் கொண்டுவருகிறது. நீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது. படிகமாகி, பூச்சைப் பின்னாலிருந்து தள்ளி உடைக்கிறது. கடலோர ஊர்களிலும் உப்புநீர் போர்வெல் உள்ள பகுதிகளிலும் கட்டும்போதே உப்பைச் சுவருக்குள் வைத்துவிடுகிறோம். கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தரம் வரம்பு வைத்திருக்கிறது. வீடு கட்டுகிறவர்களில் எத்தனை பேர் போர்வெல் நீரைச் சோதனைக்கு அனுப்புகிறார்கள்? செலவு மிகக் குறைவு.

ஓதம் ஏறும் சுவரில் நாம் செய்யும் தவறு, அதை மூடுவது. நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் ஐந்தாவது அடியில் வந்து நிற்கும். சிமென்ட் பூச்சைத் தடிமனாகப் போட்டாலும் அதேதான். உப்பேறிய பூச்சை ஈரக்கோட்டுக்கு மேலே ஓரடி வரை கொத்தி எடுத்து, செங்கல்லைப் பல மாதம் மூச்சுவிட விட்டு, சுண்ணாம்புச் சாந்து பூசி, சுண்ணாம்பு அடிப்பது பழைய முறை. இன்றைக்கும் குறைந்த செலவில் பலன் தருவது அதுதான் என்பேன். சுவரை ஒட்டிக் கொட்டிக் கிடக்கும் மண்ணை வெட்டி அகற்றுவது, செடிகளுக்கு ஊற்றும் நீரைச் சுவரோரத்திலிருந்து விலக்குவது, ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீருக்குக் குழாய் போடுவது ஆகிய சின்ன வேலைகள் பாதி ஓதத்தைக் குறைத்துவிடும். ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக்காற்றிலிருந்து படிகிறதா என்ற சந்தேகம் இருந்தால் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பார்க்கலாம். தாளுக்குப் பின்னால் ஈரம் கோத்திருந்தால் சுவர். முன்பக்கம் கோத்திருந்தால் காற்று.

கறையும் பூஞ்சணமும் பொறுத்திருக்கும், துரு பொறுத்திருக்காது. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகுகிறது. காங்கிரீட்டுக்குள் அதற்கு இடமில்லாததால் காங்கிரீட்டை உடைத்து இடம் செய்துகொள்கிறது. சீலிங்கில் கம்பியின் போக்கிலேயே நேர்கோடாக விரிசல், பழுப்பு நிறத்தில் ஒழுக்கு, தட்டினால் பொள்ளென்ற சத்தம், பிறகு பெயர்ந்து விழும் காங்கிரீட் என்று வரிசையாக அறிகுறி காட்டும். இந்த நிலையில் சிமென்ட்டைக் குழைத்து அப்பி மறைப்பது ஆபத்து. தளர்ந்த காங்கிரீட்டை எடுத்து, கம்பியின் துருவைத் தேய்த்து, எவ்வளவு கம்பி மிச்சமிருக்கிறது என்று கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் 24 வீடுகள் கொண்ட பகுதி இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்துக் குடியிருந்தவர்கள் முன்னமே வெளியே ஓடிவந்ததால் உயிர்கள் தப்பின. சுவர் சொன்னதை அவர்கள் கேட்டார்கள். கேட்டாக வேண்டிய மற்றவர்கள் அதற்கும் வெகு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

வெள்ளம் வடிந்த பிறகு

2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்துச் சென்னைக்குள் வந்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலால் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மறுபடி மூழ்கின. எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது. அதே மாதம் 18-ஆம் தேதி காலை முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. மாநிலத்தின் இரண்டு வருடத்துச் சராசரி வடகிழக்குப் பருவமழையையும் மிஞ்சிய அளவு அது. இப்படி நீர் வந்துபோன வீட்டுக்குத் திரும்பும்போது எதை முதலில் செய்வது என்பதில்தான் பாதிச் சேதம் அடங்கியிருக்கிறது.

முதலில் மின்சாரம். தெருவில் கரன்ட் வந்துவிட்டது என்பதால் வீட்டில் மெயினைப் போடக் கூடாது. சுவிட்ச் போர்டுப் பெட்டிகளுக்குள் சேறு தங்கியிருக்கும். எலக்ட்ரீஷியன் திறந்து, கழுவி, காயவைத்து, சோதித்த பிறகே போட வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. இல்லாத வீடுகளில் அதைப் பொருத்த இதைவிட நல்ல நேரம் வராது. நீரில் நின்ற ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் ஓடுகிறதா என்று போட்டுப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும்; காயும்வரை காத்திருந்தால் பிழைக்கக்கூடிய மோட்டார் அந்த ஒரு விநாடியில் எரிந்துபோகும்.

அடுத்து, எதையும் கழுவும் முன் புகைப்படம். சுவரில் நீர் நின்ற கோடு தெரியும்படி, அறை அறையாக. காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு இதுதான் ஆதாரம். 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீடு வெள்ளத்தையும் குழாய், டேங்க் உடைந்து வழிவதையும் ஏற்கிறது. மெல்ல மெல்லக் கசிந்து வந்த ஓதத்துக்கு அதில் இழப்பீடு கிடைக்காது. வெள்ளம் வரும் பகுதியில் சொந்த வீடு வைத்துக்கொண்டு, காருக்கு மட்டும் காப்பீடு எடுப்பது சரியல்ல.

சேற்றை ஈரமாக இருக்கும்போதே தள்ளிவிட வேண்டும். காய்ந்தால் கல்லாகும், தூசியாகி மூச்சில் ஏறும். வந்தது மழைநீர் மட்டுமல்ல, சாக்கடையும்தான் என்பதால் ரப்பர் பூட்ஸும் கையுறையும் கட்டாயம்; எலிக்காய்ச்சல் வெறுங்காலில் உள்ள சிறு கீறல் வழியாகவே ஏறிவிடும். பெரும்பாலும் இந்த வேலையை வீட்டுப் பெண்களும் தூய்மைப் பணியாளர்களும் வெறுங்காலோடு செய்கிறார்கள். நிவாரணப் பொட்டலத்தில் பாய், போர்வைக்கு முன் ஒரு ஜோடி பூட்ஸ் இருக்க வேண்டும். பிளீச்சிங் பவுடரையும் டாய்லெட் கழுவும் ஆசிட்டையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. கிளம்பும் குளோரின் வாயு மூடிய பாத்ரூமில் ஆளைக் கொல்லும்.

தரைக்கடித் தொட்டியான சம்ப் விஷயத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. வெள்ளநீர் புகுந்த சம்பை உடனே ஒட்ட இறைத்துக் காலிசெய்யத் துடிப்போம். நிலத்தடி நீர் தரைமட்டம்வரை ஏறியிருக்கும் அந்த நாட்களில், காலியான தொட்டியை வெளிநீர் கீழிருந்து அழுத்தும். அடித்தளம் விரிசல் விடும், சிறிய தொட்டி கிளம்பவே செய்யும். பேஸ்மென்ட் பார்க்கிங்குக்கும் இதே கணக்கு: வெளியே நீர்மட்டம் இறங்க இறங்க, நாளுக்குக் கொஞ்சமாக இறைக்க வேண்டும். சம்பில் ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 150 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி ஒரு இரவு விட்டு, நிலம் வடிந்த பிறகு அந்த நீரை வெளியேற்றி, தேய்த்துக் கழுவி, நல்ல நீர் நிரப்பலாம். பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைக் குடிக்கவோ அதில் சமைக்கவோ கூடாது.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பது மனதை அறுக்கும் வேலை. தேக்கு, வேப்ப மரச் சாமான்கள் நிழலில் மெதுவாகக் காய்ந்தால் மீளும். வெயிலில் போட்டால் வெடிக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த அலமாரிகள் உப்பிவிட்டால் திரும்பாது. சாக்கடை நீர் குடித்த பஞ்சு மெத்தையை எத்தனை நாள் வெயிலில் போட்டாலும் பயனில்லை. புகைப்படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிய்க்கக் கூடாது. நல்ல நீரில் ஊறவைத்து, தானாகப் பிரியவிட்டு, முகம் மேலே இருக்கும்படி பரப்பிக் காயவைக்க வேண்டும். உடனே செய்ய முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃபிரீசரில் வைக்கலாம். நனைந்த காகிதங்களுக்கும் அது பொருந்தும். உறைந்த நிலையில் பூஞ்சணம் வளராது, மையும் பரவாது. கிரயப் பத்திரம் போயிற்று என்று உடைந்துபோக வேண்டியதில்லை. பதிவான பத்திரத்தின் சான்றிட்ட நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும்.

பிறகு காத்திருப்பு. பூஞ்சணம் ஒன்றிரண்டு நாளிலேயே பிடிக்கத் தொடங்கும், ஆகையால் முதல் வாரம் முழுவதும் மின்விசிறிகள் ஓட வேண்டும். சாமான்களைச் சுவரிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். அறை காய்ந்ததுபோல் தெரிந்தாலும் சுவர் காய்ந்திருக்காது. அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டுமானத் துறையில் புழங்கும் தோராயக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் இரு பக்கமும் காய்ந்தாலும் நாலைந்து மாதம் ஆகும். டிசம்பரில் மூழ்கிய வீட்டுக்குச் சித்திரைக்கு முன் பட்டி பார்க்கக் கூடாது. பண்டிகைக்கு வீடு வெறுமையாக இருக்கிறதே என்று மனம் கேட்காதவர்கள் சுண்ணாம்பு மட்டும் அடித்துக்கொள்ளலாம். எண்ணெய்ப் படலம் படிந்த சுவரில் அதுவும் ஒட்டாது. முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்து எடுத்தாக வேண்டும்.

வாசலைவிட உயர்ந்த தெரு

வீட்டுக்குள் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் ஒரு நீரைத் தடுக்க முடியாது: தெருவிலிருந்து வருவது. முன்பு வாசலுக்கு மூன்று படி ஏறிப் போன வீடுகளுக்கு இன்று இரண்டு படி இறங்கிப் போகிறோம். வீடு தாழவில்லை. பழைய தார் அடுக்கைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிது புதிதாகப் போட்டுத் தெருவை உயர்த்திவிட்டார்கள். மாம்பலத்திலும் மடிப்பாக்கத்திலும் தெருத்தெருவாக இதைப் பார்க்கலாம்.

இதற்குச் சென்னையில் பிரபலமாகியிருக்கும் மருந்து, வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குவது. அஸ்திவாரத்துக்கு மேலே சுவரைச் சிறிது சிறிதாக அறுத்து, நூற்றுக்கணக்கான ஜாக்கிகளை வரிசையாக வைத்து, எல்லாவற்றையும் ஒரே அளவில் திருகி, நாளுக்குச் சில அங்குலம் உயர்த்தி, இடையில் கட்டுவேலை செய்கிறார்கள். சரியாகச் செய்தால் வீடு நிற்கிறது. ஆனால் சுவரில் காங்கிரீட் பெல்ட் இல்லாத பழைய வீட்டில், பொறியாளர் பார்க்காமல், குறைந்த விலைக்கு வந்தவரை வைத்துச் செய்தால் வேலை செய்பவர் உயிருக்கும் வீட்டுக்கும் ஆபத்து. பலரும் தேர்ந்தெடுக்கும் இன்னொரு வழி, வீட்டுக்குள் தரையை மட்டும் நிரவி உயர்த்துவது. சீலிங் தாழ்ந்து, ஜன்னல் முழங்காலுக்கு வந்து, மண் நிரப்பிய உயரம்வரை புது ஓதம் ஏறும். இரண்டுக்கும் லட்சக்கணக்கில் ஆகும். வாடகை வீட்டில் தரைத்தளத்தில் இருப்பவருக்கு இரண்டுமே இல்லை; ஒவ்வொரு மழைக்கும் கட்டிலுக்கடியில் செங்கல் வைப்பதுதான் மிச்சம்.

தனி ஒருவர் தன் வீட்டைத் தூக்கினால் அந்த நீர் அடுத்த வீட்டுக்குப் போகும். அதனால் இந்தச் சிக்கலுக்கான தீர்வைக் கொத்தனாரிடம் கேட்டுப் பயனில்லை. பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே சாலை போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021-இல் தமிழக அரசின் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். அது நடக்கிறதா என்பதை நள்ளிரவில் ரோலர் வந்து நிற்கும்போது தெருக்காரர்கள்தான் பார்க்க முடியும். ஒவ்வொரு தெருவிலும், மாறாத ஒரு தூணிலோ கோயில் படியிலோ இன்றைய சாலை மட்டத்தை அளந்து குறித்து, தேதியோடு படம் எடுத்துப் பகுதி சபையில் பதிவுசெய்து வைக்க வேண்டும். அடுத்த முறை தார் போட வரும்போது ஒப்பந்ததாரரிடம் காட்ட ஓர் அளவு கையில் இருக்கும். மட்டம் ஏறினால் வார்டு உறுப்பினரிடமும் மண்டலப் பொறியாளரிடமும் எழுதிக் கேட்க அதுவே போதும்.